பாஸிட்டிவ்னு வந்தா பதறாதீங்க பாஸ்!



'ஹவுஸ்'னு ஒரு அமெரிக்க டி.வி. சீரியல். 2004-ல ஆரம்பிச்சு 2012 வரைக்கும் ஓடுச்சு. கைத்தடி ஊன்றி நடக்கிற ஒரு சிடுமூஞ்சி டாக்டர்தான் ஹீரோ. என்ன வியாதின்னே புரியாத பேஷன்ட்டுங்க வந்துக்கிட்டே இருப்பாங்க. டீம்ல யாராவது ஒருத்தர் மெதுவா, 'லூபஸா இருக்குமோ?'ன்னு இழுப்பாங்க. ஹீரோ கடுப்பாகி 'லூபஸ் இல்லவே இல்லை'ன்னு கத்துவார். கடைசியில அதுவே சீரியலோட பெரிய காமெடி ஆயிடுச்சு.

சீரியல்ல காமெடி, சரி. ஆனா அந்தப் பேர் நம்ம கையில இருக்கிற லேப் ரிப்போர்ட்டுல வந்து நின்னா? போன மாசம் வந்த ரெண்டு லெட்டரைப் படிச்சதுல இருந்து இதே யோசனைதான்.

முதல் லெட்டர், செகண்ட் இயர் தோழி ஒருத்தங்க. 'ஃபுல் பாடி செக்கப்' ஆஃபர் வந்துச்சுன்னு குடும்பத்தோட போய் ரத்தம் குடுத்திருக்காங்க. ரிப்போர்ட்ல 'ஏ.என்.ஏ. - பாஸிட்டிவ் - 1:80'. உடம்புல ஒரு தொந்தரவும் இல்லை. ஆனா கூகுள்ல தேடித் தேடி, தூக்கம் போய், 'எனக்கு லூபஸ் வந்துடுச்சு, வீட்டுல எப்படிச் சொல்றது?'ன்னு எழுதியிருக்காங்க.

ரெண்டாவது லெட்டர் ஒரு அக்கா எழுதினது. காலேஜ் படிக்கிற தங்கச்சிக்கு மூணு மாசமா விட்டு விட்டுக் காய்ச்சல். காலையில எழுந்தா விரல் மூட்டெல்லாம் வீங்கி, பேனா பிடிக்க முடியலை. வெயில்ல போனா ரெண்டு கன்னமும் சிவந்துடுது. 'வெயில் அலர்ஜி', 'எக்ஸாம் டென்ஷன்'னு ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க. 'இதுக்குப் போய் ரத்த டெஸ்ட் எதுக்கு?'ன்னு வீட்டுல கேக்குறாங்களாம்.

பயப்பட வேண்டாத இடத்துல பயம். கவனிக்க வேண்டிய இடத்துல அலட்சியம். ரெண்டுக்கும் காரணம் ஒண்ணுதான்: அந்த டெஸ்ட் என்ன சொல்லுது, என்ன சொல்லலைங்கிறது நமக்குத் தெரியாது. நான் டாக்டர் இல்லை, இன்ஜினீயரிங் படிக்கிற பார்ட்டி. அதனால மருந்து, மாத்திரை பக்கம் போகலை. ஒரு மீட்டர் காட்டுற ரீடிங்கை எப்படிப் படிக்கணும்ங்கிற கோணத்துல மட்டும் பார்ப்போம். வாங்க!

சொந்த ஆளையே மடக்குற வாட்ச்மேன்

நம்ம உடம்புல கிருமி நுழைஞ்சா அதைப் பிடிக்க 'ஆன்ட்டிபாடி'ங்கிற புரோட்டீன்கள் தயாராகும். ஒவ்வொண்ணும் ஒரு குறிப்பிட்ட ஆளை மட்டும் அடையாளம் கண்டு ஒட்டிக்கும். ஹாஸ்டல் வாட்ச்மேன் கையில வெளியாள் போட்டோ குடுத்து நிறுத்தி வெச்ச மாதிரி.

சில சமயம் அந்தப் போட்டோ ஆல்பத்துல ஹாஸ்டல் பசங்க போட்டோவே கலந்துடும். அப்புறம் என்ன, சொந்த ரூமுக்குப் போறவனையே வாட்ச்மேன் காலரைப் பிடிச்சு இழுப்பார். சொந்த உடம்பையே குறி வைக்கிற இந்த ஆன்ட்டிபாடிக்குப் பேர் 'ஆட்டோ ஆன்ட்டிபாடி'. லூபஸ்ல (முழுப் பேர் சிஸ்டமிக் லூபஸ் எரித்தமடோசஸ், சுருக்கமா எஸ்.எல்.இ.) இவங்க முக்கியமா குறி வைக்கிறது செல்லோட நியூக்ளியஸை. ஆன்ட்டி நியூக்ளியர் ஆன்ட்டிபாடி, அதாவது ஏ.என்.ஏ.ங்கிற பேர் அப்படி வந்ததுதான்.

நியூக்ளியஸ் எல்லா உறுப்புலயும் இருக்கே? அதனாலதான் லூபஸ் தோல், மூட்டு, கிட்னி, ரத்தம், மூளைன்னு எங்க வேணும்னாலும் கைவைக்கும். பத்துப் பேருக்கு வந்தா அதுல ஏறக்குறைய ஒன்பது பேர் பெண்கள். பெரும்பாலும் 15 வயசுல இருந்து 45-க்குள்ள. அதாவது, நம்ம கிளாஸ் ரூம் வயசு. ஒட்டுவாரொட்டி இல்லை. பக்கத்துல உட்கார்ந்தா வராது, ஒரே தட்டுல சாப்பிட்டாலும் வராது.

பச்சையா மின்னும் நியூக்ளியஸ்

1948-ல அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் ஹார்கிரேவ்ஸ் என்ற டாக்டரும் அவரோட குழுவும் லூபஸ் நோயாளிகளின் எலும்பு மஜ்ஜையில ஒரு விநோதத்தைப் பார்த்தாங்க. ஒரு வெள்ளை அணு இன்னொரு செல்லோட நியூக்ளியஸை அப்படியே விழுங்கி வெச்சிருந்துச்சு. 'எல்.இ. செல்'னு பேர் வெச்சாங்க. லூபஸுக்குன்னு கிடைச்ச முதல் லேப் தடயம் அதுதான். நியூக்ளியஸைத் தாக்குற ஆன்ட்டிபாடிதான் இதுக்குக் காரணம்னு அப்புறம் புரிஞ்சுது. 1950-கள்ல அதை ஒளிர வெச்சுப் பார்க்கிற டெக்னிக்கும் வந்துச்சு.

இன்னிக்கும் அடிப்படை அதேதான். ஒரு கண்ணாடி ஸ்லைடுல 'ஹெப்-2'ங்கிற மனித செல்கள் ரெடியா ஒட்டியிருக்கும். நியூக்ளியஸ் பெருசா, பார்க்க வசதியா இருக்குங்கிறதால இந்த செல். (குட்டி ஃபிளாஷ்பேக்: குரல்வளைப் புற்றுநோய்ல இருந்து எடுத்த செல்னுதான் இதை முதல்ல சொன்னாங்க. பின்னாடி டெஸ்ட் பண்ணிப் பார்த்தா, 1951-ல ஹென்ரியேட்டா லாக்ஸ் என்ற பெண்ணிடம் எடுத்த புகழ்பெற்ற 'ஹீலா' செல்தான் லேப்ல கலந்து இந்தப் பேர்ல சுத்திக்கிட்டு இருந்திருக்கு!)

உங்க ரத்தத்துல இருந்து சீரத்தைப் பிரிச்சு அந்த ஸ்லைடுல ஊத்துவாங்க. ஏ.என்.ஏ. இருந்தா நியூக்ளியஸ்ல போய் ஒட்டிக்கும். கழுவிட்டு, மனித ஆன்ட்டிபாடியைப் பிடிக்கிற இன்னொரு ஆன்ட்டிபாடியைப் பச்சையா ஒளிர்ற சாயத்தோட சேர்த்து ஊத்துவாங்க. மறுபடி கழுவிட்டு ஸ்பெஷல் மைக்ராஸ்கோப்ல பார்த்தா, பச்சைப் பசேல்னு மின்னினா பாஸிட்டிவ். இருட்டா இருந்தா நெகட்டிவ். ரிப்போர்ட்ல 'ஐ.எஃப்.' அல்லது 'இம்யூனோ ஃப்ளூரசன்ஸ்'னு போட்டிருந்தா இந்த முறை. 'எலைசா'ன்னு இருந்தா வேற முறை. அதுல ஸ்லைடைப் பார்க்கிற கண் இல்லை, மெஷின் ஒரு நம்பர் தரும். ரெண்டும் எப்பவும் ஒத்துப் போகும்னு சொல்ல முடியாது. ருமட்டாலஜிஸ்ட்டுகள் பெருசா நம்புறது ஐ.எஃப். முறையைத்தான்.

அந்த 1:80 என்னாங்க?

மெஸ் ரசத்தை நினைச்சுக்கங்க. ஆள் கூடக் கூட அண்ணன் தண்ணியை ஊத்திக்கிட்டே இருப்பார். எத்தனை மடங்கு தண்ணி ஊத்தியும் புளிப்பு நாக்குல தெரியுதுன்னா, முதல்ல இருந்த ரசம் அவ்வளவு கெட்டி!

டைட்டர்ங்கிறதும் இதேதான். சீரத்தை 40 மடங்கு கரைச்சுப் பார்ப்பாங்க. மின்னுதா? 80. இன்னும் மின்னுதா? 160, 320, 640... எங்க மின்றது நிக்குதோ, அதுக்கு முந்தின நம்பர்தான் உங்க ரிப்போர்ட்ல வரும். ஆக, 1:80ங்கிறது லேசான பச்சை. 1:1280ங்கிறது எவ்வளவு கரைச்சாலும் போகாத பச்சை.

இப்போ மெயின் மேட்டர். 1997-ல பல நாட்டு லேப்கள் சேர்ந்து, ஆரோக்கியமான ஆட்களோட ரத்தத்துல ஏ.என்.ஏ. பார்த்தாங்க. 1:40-ல 31.7 சதவீதம் பேர் பாஸிட்டிவ்! 1:80-ல 13.3 சதவீதம். 1:160-ல 5 சதவீதம். 1:320-ல 3.3 சதவீதம். ஞாபகம் வெச்சுக்கங்க, இவங்க எல்லாரும் நோயே இல்லாதவங்க. அறுபது பேர் கிளாஸ்ல எட்டுப் பேருக்கு 1:80 வரலாம். அவங்க பாட்டுக்கு கேன்டீன்ல சமோசா சாப்பிட்டுக்கிட்டு இருப்பாங்க.

நோய் இல்லாம ஏன் வருது? தைராய்டு பிரச்னை இருக்கிறவங்களுக்கு வரலாம். சில தொற்று நோய்கள்ல வரலாம். டி.பி.க்குத் தர்ற ஐசோநயசிட் மாதிரி சில மருந்தால வரலாம். குடும்பத்துல யாருக்காவது இந்த வகை நோய் இருந்தா வரலாம். வயசு கூடினாலும் வரலாம். ஒரு காரணமும் இல்லாமலும் வரலாம்.

ப்ராபபிலிட்டி பேப்பர் இப்பத்தான் உதவுது

'லூபஸ் இருக்கிறவங்கள்ல 98 சதவீதம் பேருக்கு ஏ.என்.ஏ. பாஸிட்டிவ்'னு படிச்சதும், 'எனக்குப் பாஸிட்டிவ், அப்போ எனக்கு 98 சதவீதம் லூபஸ்'னு திருப்பிப் போட்டுடறோம். யானைக்கெல்லாம் நாலு கால். அதுக்காக நாலு கால் இருக்கிறதெல்லாம் யானையா?

பேயஸ் தியரம் ஞாபகம் இருக்கா? அரியர் வெச்சவங்களும் வாங்க, ஈஸியாப் போட்டுடலாம். எந்தத் தொந்தரவும் இல்லாத 10,000 காலேஜ் பொண்ணுங்களை வரிசையா நிக்க வெச்சு ஏ.என்.ஏ. எடுக்கறோம்னு வெச்சுக்கங்க. அதுல 10 பேருக்கு லூபஸ் இருக்குன்னு தாராளமாவே வெச்சுப்போம். அந்த 10 பேரும் பாஸிட்டிவ். மீதி 9,990 பேர்ல 13 சதவீதம்னா சுமார் 1,300 பேரும் பாஸிட்டிவ். மொத்தம் 1,310 பேர் கையில ஒரே மாதிரி ரிப்போர்ட். அதுல நிஜமா லூபஸ் 10 பேருக்கு. நூத்துக்கு ஒண்ணு கூட இல்லை!

இப்போ வேற வரிசை. மூட்டு வீக்கம், கன்னத்துல தடிப்பு, யூரின்ல புரோட்டீன்னு அறிகுறிகளோட வந்து, டாக்டரே சந்தேகப்படுற 100 பேர். அதுல 40 பேருக்கு லூபஸ்னு வெச்சுக்கங்க. அந்த 40 பேர்ல 39 பேர் பாஸிட்டிவ். மீதி 60-ல சும்மா பாஸிட்டிவ் 8 பேர். இங்க பாஸிட்டிவ் வந்தவங்கள்ல 47-க்கு 39 பேருக்கு நிஜமாவே லூபஸ்.

அதே ஸ்லைடு, அதே பச்சை, அதே 1:80. அர்த்தம் மட்டும் தலைகீழ். டெஸ்ட்டோட பதில், கேள்வி கேட்ட ஆளைப் பொறுத்து மாறுது. 'ஃபுல் பாடி' பேக்கேஜ்ல ஏ.என்.ஏ.யைச் சேர்க்கிறது ஏன் வேண்டாத வேலைன்னு இப்போ புரியுதா? முதல் லெட்டர் தோழி, உங்க ரிப்போர்ட் முதல் வரிசைல இருக்கு. ரெண்டாவது லெட்டர் அக்கா, உங்க தங்கச்சி ரெண்டாவது வரிசைல நிக்க வேண்டியவங்க.

ஹால் டிக்கெட்டும் பாஸ் மார்க்கும்

2019-ல அமெரிக்க, ஐரோப்பிய ருமட்டாலஜி அமைப்புகள் சேர்ந்து லூபஸுக்கு ஒரு மார்க் சிஸ்டம் கொண்டு வந்தாங்க. அதுல ஏ.என்.ஏ.க்கு மார்க்கே கிடையாது! அது வெறும் ஹால் டிக்கெட். 1:80 அல்லது அதுக்கு மேல ஒரு தடவையாவது வந்திருக்கணும், அப்பத்தான் உள்ளே விடுவாங்க. ஹால் டிக்கெட் வாங்கினவன் எல்லாம் பாஸா?

பாஸ் மார்க் 10. காய்ச்சலுக்கு 2, வாய்ப்புண்ணுக்கு 2, மூட்டு வீக்கத்துக்கு 6, கன்னத்துல வர்ற பட்டாம்பூச்சித் தடிப்புக்கு 6, பிளேட்லெட் குறைஞ்சா 4, யூரின்ல ஒரு நாளைக்கு அரை கிராமுக்கு மேல புரோட்டீன் போனா 4. கிட்னி பயாப்ஸில தீவிரமான லூபஸ் பாதிப்பு தெரிஞ்சா அதுக்கு மட்டுமே 10. வேற காரணத்தால வந்ததுன்னா அதை எண்ணக் கூடாது.

ஸ்பெஷல் ரத்த டெஸ்ட்டுகளுக்கும் மார்க் உண்டு. 'ஆன்ட்டி டபுள் ஸ்ட்ராண்டட் டி.என்.ஏ.' இல்லைன்னா 'ஆன்ட்டி எஸ்.எம்.' இருந்தா 6. சி3, சி4 ரெண்டும் குறைஞ்சிருந்தா 4. ஆக 6+4=10, பாஸ்தானே? அதான் இல்லை. உடம்புல தெரியுற அறிகுறி ஒண்ணாவது இருந்தே ஆகணும். வெறும் லேப் இன்டர்னல் மார்க்கை வெச்சு பாஸ் போட மாட்டாங்க! இன்னொண்ணு, இது ஆராய்ச்சிக்குன்னு போட்ட கணக்கு. நீங்க வீட்டுல உட்கார்ந்து கூட்டிப் பார்க்கிறதுக்கு இல்லை. 10 வராமலே டாக்டர் லூபஸ்னு முடிவு பண்ணி மருந்து ஆரம்பிக்கலாம்.

ஏ.என்.ஏ.யோட கூட்டாளிகள்

ஆன்ட்டி டபுள் ஸ்ட்ராண்டட் டி.என்.ஏ.: நம்ம டி.என்.ஏ. ஏணியையே பிடிக்கிற ஆன்ட்டிபாடி. லூபஸ் நோயாளிகள்ல பாதிக்கும் மேல வரும், மத்தவங்களுக்கு வர்றது அபூர்வம். பல பேருக்கு நோய் ஏறும்போது இது ஏறும், குறையும்போது இறங்கும். குறிப்பா கிட்னி விஷயத்துல ஒரு எச்சரிக்கை மணி.

ஆன்ட்டி எஸ்.எம்.: 1966-ல கண்டுபிடிச்சது. ஒரு பெண் நோயாளியோட குடும்பப் பேர்ல இருந்து வந்த சுருக்கம் இது. லூபஸ்காரங்கள்ல நூத்துக்கு 20, 30 பேருக்குத்தான் இருக்கும். ஆனா இருந்துச்சுன்னா, அது லூபஸ்னு சொல்ல ரொம்ப வலுவான சாட்சி. இல்லைன்னா ஒண்ணுமே நிரூபணம் ஆகாது.

சி3, சி4: இது ஆன்ட்டிபாடி இல்லை, சண்டையில செலவாகுற தோட்டா. இருப்பு குறையுதுன்னா எங்கேயோ சுட்டுக்கிட்டு இருக்காங்கன்னு அர்த்தம்.

லூபஸ் ஆன்ட்டிகோயாகுலன்ட்: பேர்லயே ரெண்டு குழப்பம். இது இருக்கிற நிறைய பேருக்கு லூபஸ் இருக்காது. 'ரத்தம் உறையாம தடுக்கும்'னு பேர் சொல்லுது. டெஸ்ட் ட்யூப்ல அப்படித்தான் நடக்கும். உடம்புக்குள்ளேயோ நேர்மாறா, ரத்தக் கட்டியை உண்டாக்கும். திரும்பத் திரும்பக் கரு கலையறதுக்கும் இந்தக் குடும்பத்து ஆன்ட்டிபாடிகள் காரணமாகலாம். பாஸிட்டிவ் வந்தா 12 வாரம் கழிச்சு மறுபடி பார்த்துத்தான் உறுதி பண்ணுவாங்க.

இந்தக் குடும்பம் பண்ற ஒரு விபரீதத்தைச் சொல்லியே ஆகணும். பால்வினை நோயான சிபிலிஸுக்கு வி.டி.ஆர்.எல்.னு ஒரு டெஸ்ட். அதுல கார்டியோலிபின்ங்கிற கொழுப்பைப் பயன்படுத்துறாங்க. லூபஸ்ல வர்ற சில ஆன்ட்டிபாடிகள் அதே கார்டியோலிபின்ல போய் ஒட்டிக்கும். விளைவு? சிபிலிஸே இல்லாத பொண்ணுக்கு 'பாஸிட்டிவ்'. நம்ம ஊர்ல அந்த ஒரு வார்த்தை ஒரு பொண்ணோட வாழ்க்கையை என்ன பண்ணும்னு யோசிச்சுப் பாருங்க. டி.பி.ஹெச்.ஏ.ன்னு ஒரு உறுதி டெஸ்ட் இருக்கு. அதைப் பார்க்காம யாரும் யாரையும் ஒரு வார்த்தை சொல்லக் கூடாது.

அப்போ பாஸிட்டிவ் வந்தா கிழிச்சுப் போட்டுடலாமா?

அவசரப்படாதீங்க. 2003-ல வெளிவந்த ஒரு ஆய்வு. அமெரிக்க ராணுவம் தன் ஆட்களோட சீரத்தைப் பல வருஷமா ஃப்ரீஸர்ல சேமிச்சு வெச்சிருக்கு. பின்னாடி லூபஸ் வந்த 130 பேரோட பழைய சாம்பிள்களை எடுத்துப் பார்த்தாங்க. 115 பேருக்கு, நோய் கண்டுபிடிக்கிறதுக்கு முன்னாடியே ஏதாவது ஒரு ஆட்டோ ஆன்ட்டிபாடி இருந்திருக்கு. சிலருக்கு ஒன்பது வருஷத்துக்கும் முன்னாடி!

இதையும் திருப்பிப் போட்டுடாதீங்க. லூபஸ் வந்தவங்களோட பழைய ரத்தத்துல ஏ.என்.ஏ. இருந்துச்சு, உண்மை. ஏ.என்.ஏ. இருக்கிறவங்கள்ல பெரும்பாலானவங்களுக்கு லூபஸ் வர்றதே இல்லை, அதுவும் உண்மை. அதனால, தொந்தரவு இல்லாத பாஸிட்டிவ்வோட ஒரு தடவை டாக்டரைப் பார்த்து, யூரின் டெஸ்ட் பண்ணிட்டு, ரிப்போர்ட்டை ஃபைல்ல வெச்சுட்டு படிப்பைப் பாருங்க. மாசா மாசம் ஏ.என்.ஏ. எடுக்கிறது காசுக்குக் கேடு. உடம்பு ஏதாவது புதுசாச் சொன்னா மட்டும் காது குடுங்க.

உடம்பு என்ன சொல்லும்? ஆறு வாரத்துக்கு மேல மூட்டு வலி, காலையில விறைப்பு. வெயில்ல போனா தோல் தடிக்கிறது. வலியே இல்லாத வாய்ப்புண். காரணம் தெரியாத காய்ச்சல், கொத்துக் கொத்தா முடி கொட்டுறது, மூச்சு இழுக்கும்போது நெஞ்சு வலி. யூரின்ல நுரை, முகம், கால் வீக்கம். இதுல ரெண்டு மூணு சேர்ந்து வந்தா 'டென்ஷன்'னு தள்ளாதீங்க. ருமட்டாலஜிஸ்ட்டைப் பாருங்க. சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை, புதுச்சேரி ஜிப்மர், வேலூர் சி.எம்.சி.ன்னு பல இடங்கள்ல இதுக்குத் தனிப் பிரிவே இருக்கு. லூபஸ் கிட்னியைத் தொடும்போது பல நேரம் வலிக்கிறதே இல்லை. சாதாரண யூரின் டெஸ்ட் காட்டிக் குடுக்கும். பச்சை வெளிச்சம், மைக்ராஸ்கோப்னு எவ்வளவு இருந்தாலும், சில சமயம் உயிரைக் காப்பாத்துறது அந்தச் சின்ன டப்பாதான்.

லூபஸ்னு உறுதியானாலும் கதை முடிஞ்சுடலை. பாடகி செலினா கோமஸ் தனக்கு லூபஸ் இருக்குன்னு 2015-ல சொன்னாங்க. 2017-ல கிட்னி மாத்திக்கிட்டாங்க. அப்புறமும் பாட்டு, நடிப்புன்னு கலக்கிக்கிட்டுத்தான் இருக்காங்க. மலேரியாவுக்கு வந்த ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் மாத்திரைதான் இன்னிக்கு லூபஸ் சிகிச்சையோட முதுகெலும்பு. படிப்பு, வேலை, கல்யாணம், குழந்தைன்னு எல்லாமே டாக்டர் துணையோட முடியும். ஒரே கண்டிஷன், 'நல்லாயிட்டேனே'ன்னு நீங்களா மாத்திரையை நிறுத்தக் கூடாது.

ரிப்போர்ட் கைக்கு வந்தா பார்க்க வேண்டிய நாலு விஷயம்:

1. எந்த முறை? ஐ.எஃப்.பா, எலைசாவா?

2. டைட்டர் எவ்வளவு? வெறும் 'பாஸிட்டிவ்' மட்டும் போட்டிருந்தா லேப்ல கேளுங்க.

3. என்ன பேட்டர்ன்? முழுசா மின்றதா, புள்ளிப் புள்ளியாவா? டாக்டருக்கு அது ஒரு க்ளூ.

4. எந்த அறிகுறிக்காக இந்த டெஸ்ட் எடுத்தீங்க? இந்த நாலாவது கேள்விக்குப் பதில் இல்லைன்னா, முதல் மூணுக்குப் பெரிய அர்த்தம் இல்லை.

கூகுள்ல தேடுறது தப்பில்லை ஃப்ரெண்ட்ஸ். ஆனா கூகுளுக்கு உங்க ரிப்போர்ட் தெரியும், உங்களைத் தெரியாது. உங்க முகத்தைப் பார்த்து, விரலை அமுக்கிப் பார்த்து, நாலு கேள்வி கேக்குற டாக்டருக்குத்தான் அந்த பச்சை நிறத்துக்கு அர்த்தம் சொல்லத் தெரியும்.

அடுத்த வாரம் வேற ஒரு மேட்டரோட மீட் பண்ணுவோம். அதுவரைக்கும் வெயில்ல சுத்தாதீங்க, லெட்டர் போடுங்க. பை!